மருந்துக் காப்புரிமையில் அரசு தலையிடுவது பறிப்பா, நீதியா?

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு சிகிச்சைக்கு உதவி கேட்டு அறிவிப்பு வராத பள்ளிவாசல் இன்று அரிது. புற்றுநோய், கல்லீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு என்று நோயின் பெயர் மாறுகிறது. வாசலில் துண்டு ஏந்துகிறார்கள், மக்களும் தங்களால் இயன்றதைப் போடுகிறார்கள். அல்லாஹ் அந்த ஸதகாக்களை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அந்த மருந்துக்கு ஏன் அந்த விலை, அதைக் குறைக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

விலைக்குக் காரணங்கள் பல உண்டு. புதிய மருந்துகளைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் காப்புரிமை. அந்தக் காப்புரிமையை மக்கள் நலனுக்காக அரசே பயன்படுத்திக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. உரிமையாளரின் சம்மதம் இல்லாமலும் அதைச் செய்யலாம், ஆனால் அவருக்குரிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். பல நாடுகள் அப்படிச் செய்து விலையைக் குறைத்திருக்கின்றன. அது எப்படி நடக்கிறது, மார்க்கத்தின் பார்வையில் அது பிறர் பொருளைப் பறிப்பதாகுமா என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

காப்புரிமை என்றால் என்ன?

ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், குறிப்பிட்ட காலத்துக்கு அவருடைய அனுமதியின்றி வேறு யாரும் அதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று அரசு தரும் உரிமையே காப்புரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அது செல்லும். அதற்கு ஈடாக, கண்டுபிடிப்பின் விவரத்தை அவர் உலகுக்கு வெளியிட வேண்டும். காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அதைத் தயாரிக்கலாம். அப்படித் தயாராகும் மருந்தைத்தான் ஜெனரிக் மருந்து என்கிறோம். நம்மில் சிலர் அதை 'டூப்ளிகேட்' என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். அது தவறு. ஜெனரிக் என்பது அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்த, அதே மூலப்பொருள் கொண்ட மருந்து. போலி மருந்து என்பது வேறு, அது குற்றம்.

காப்புரிமை வானத்திலிருந்து இறங்கிய உரிமையல்ல என்பதை இங்கே மனதில் கொள்ள வேண்டும். சமூகத்துக்குப் பயன் கிடைக்கும் என்று கருதி ஓர் அரசு நிபந்தனைகளுடன் தரும் உரிமை அது. நிபந்தனைகளும் அதே சட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

சட்டம் திறந்து வைத்த வழி

உலக வர்த்தக அமைப்பின் 'டிரிப்ஸ்' ஒப்பந்தம் 1995 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்து உள்பட எல்லாத் துறைக் கண்டுபிடிப்புகளுக்கும் உறுப்பு நாடுகள் காப்புரிமை தர வேண்டும் என்று விதித்தது இந்த ஒப்பந்தம்தான். இதே ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றியும் காப்புரிமையைப் பயன்படுத்த அரசுகளுக்கு இடம் தருகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கட்டாய உரிமம். உரிமையாளரிடம் நியாயமான நிபந்தனைகளில் கேட்டும் கிடைக்காத ஒரு நிறுவனம் அரசிடம் விண்ணப்பித்து, மருந்தைத் தயாரிக்கும் அனுமதியைப் பெறுவது. இன்னொன்று அரசுப் பயன்பாடு. அரசு மருத்துவமனைகளில் லாப நோக்கமின்றி வழங்குவதற்காக அரசே அந்த உரிமையை எடுத்துக்கொள்வது. இந்த இரண்டாவது வகைக்கு முன்கூட்டிப் பேச்சுவார்த்தை நடத்தக் கட்டாயமில்லை. உரிமையாளருக்குத் தகவல் தெரிவித்தால் போதும். எந்த வகையானாலும் உரிமையாளருக்குப் போதுமான தொகை கொடுக்க வேண்டும்.

இதைப் பயன்படுத்தினால் வல்லரசுகள் வழக்குத் தொடுக்குமோ என்ற அச்சம் ஏழை நாடுகளுக்கு இருந்தது. 2001 நவம்பர் 14 அன்று கத்தார் தலைநகர் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு அந்த அச்சத்துக்குப் பதில் தந்தது. பொதுச் சுகாதாரத்தைக் காக்க உறுப்பு நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளுக்கு டிரிப்ஸ் தடையாக இருக்கக் கூடாது என்றும், எந்தக் காரணத்துக்காகக் கட்டாய உரிமம் தருவது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம் என்றும் அது அறிவித்தது.

மலேசியா காட்டிய வழி

தோஹா அறிவிப்பை முதலில் செயலில் காட்டிய நாடுகளில் ஒன்று மலேசியா. அந்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அரசுக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. 2003இல் அதைப் பயன்படுத்தி, எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான மருந்துகளை இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. அனுமதி இரண்டு ஆண்டுகளுக்கு, அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும். ஒரு நோயாளிக்கு மாதம் சராசரியாக 315 டாலர் ஆகிவந்த செலவு 58 டாலராகக் குறைந்தது.

சிப்லா, காஜா அப்துல் ஹமீது அவர்கள் 1935இல் பம்பாயில் நிறுவிய நிறுவனம். அவருடைய மகன் யூசுஃப் ஹமீது 2001இல், ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றுவந்த எச்.ஐ.வி. கூட்டு மருந்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

மலேசியாவின் இரண்டாவது நடவடிக்கை இன்னும் பெரியது. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோயை 12 வாரங்களில் பெரும்பாலானோருக்குக் குணப்படுத்தும் சோஃபாஸ்புவிர் என்ற மாத்திரை 2013 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அங்கே ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர். உரிமையாளரான கிலியட் நிறுவனம் 2014இல் இந்தியா உள்பட 91 நாடுகளுக்கு மலிவு விலை ஜெனரிக்கை அனுமதித்தது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. நடுத்தர வருமான நாடு என்பதால் அது விடுபட்டுப்போனது. மலேசியாவில் இந்த நோயுடன் வாழ்வோர் ஏறத்தாழ 4 முதல் 5 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. ஏழை நாடு என்று சலுகையும் கிடைக்கவில்லை, பணக்கார நாடு போல வாங்கவும் முடியவில்லை.

பேச்சுவார்த்தைகள் பலன் தராத நிலையில், அரசுப் பயன்பாட்டு உரிமையைக் கையிலெடுக்க மலேசிய அமைச்சரவை 2017இல் முடிவு செய்தது. செப்டம்பரில் அதை அறிவித்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எஸ். சுப்ரமணியம். அறிவிப்பு வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்னர், ஆகஸ்டு இறுதியில், கிலியட் நிறுவனம் தன் மலிவு விலைப் பட்டியலில் மலேசியாவையும் தாய்லாந்தையும் சேர்த்துக்கொண்டது. சட்டம் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் தயங்கமாட்டோம் என்று ஓர் அரசு காட்டினாலே பேரத்தின் போக்கு மாறிவிடுகிறது.

மலேசியா பின்வாங்கவில்லை. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. எகிப்தின் ஃபார்கோ நிறுவனம் சோஃபாஸ்புவிருடன் ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து முழுச் சிகிச்சைக்கு 300 டாலருக்கு மேற்படாமல் தர 2016லேயே உடன்பட்டிருந்தது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்த ஆய்வில் இந்தக் கூட்டு மருந்து 97 சதவீதம் பேரைக் குணப்படுத்தியதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் மலேசியா ரவிடாஸ்விருக்கு அனுமதி அளித்தது.

இந்தோனேசியா, தாய்லாந்து

உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் இந்தோனேசியா 2004, 2007, 2012 ஆகிய ஆண்டுகளில் அதிபர் ஆணை மூலம் இதே வழியைப் பயன்படுத்தியது. 2012 ஆணையில் மட்டும் ஏழு மருந்துகள் இடம்பெற்றன. நிகர விற்பனை மதிப்பில் 0.5 சதவீதம் உரிமையாளர்களுக்குத் தர ஆணையிடப்பட்டது.

தாய்லாந்து 2006 நவம்பரிலும் 2007 ஜனவரியிலும் மூன்று மருந்துகளுக்கு ஆணை பிறப்பித்தது. அவற்றில் ஒன்று க்ளோபிடோக்ரெல் என்ற இதய நோய் மருந்து. தொற்றுநோய்க்கு மட்டுமல்ல, இதய நோய்க்கும் இந்தச் சட்டம் பயன்படும் என்பது அப்போது தெரிந்தது. அதற்கான விலையையும் தாய்லாந்து கொடுத்தது. அபட் நிறுவனம் அந்நாட்டில் பதிவுக்கு அனுப்பியிருந்த ஏழு புதிய மருந்துகளைத் திரும்பப் பெற்றது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் தாய்லாந்தைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் மேல்நிலைக்கு உயர்த்தியது. சட்டம் இருந்தும் பல அரசுகள் தயங்குவது இத்தகைய நெருக்கடிகளுக்கு அஞ்சித்தான்.

இந்தியாவில் நிலை என்ன?

சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் 1959இல் தந்த அறிக்கையே இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். 1972இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. இந்திய நிறுவனங்கள் வேறு முறையில் அதே மருந்தைத் தயாரித்து உலகுக்கே மலிவாக வழங்கின. டிரிப்ஸ் ஒப்பந்தத்தின்படி 2005இல் மருந்துக்கும் காப்புரிமை திரும்ப வந்தது.

ஆனாலும் பாதுகாப்புப் பிரிவுகள் நீக்கப்படவில்லை. 84ஆம் பிரிவின்படி, காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டுகள் கடந்த பிறகு, மருந்து நியாயமான விலையில் கிடைக்கவில்லை என்று காட்டி யாரும் கட்டாய உரிமம் கோரலாம். அவசர நிலையில் மத்திய அரசே அறிவிப்பு வெளியிட 92ஆம் பிரிவு இடமளிக்கிறது. 100ஆம் பிரிவு அரசுப் பயன்பாட்டுக்கு உரியது. தொகையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் உயர்நீதிமன்றம் தீர்மானிக்கும்.

2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. சிறுநீரகம், கல்லீரல் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் என்ற மருந்தை பேயர் நிறுவனம் மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றுவந்தது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதை 8,880 ரூபாய்க்குத் தர ஆணை வந்தது. பேயருக்கு விற்பனையில் 6 சதவீதம் தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. மேல்முறையீட்டில் அது 7 சதவீதமாக உயர்ந்தது. மும்பை உயர்நீதிமன்றம் 2014இல் ஆணையை உறுதி செய்தது. உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

அந்த ஒன்றோடு கதவு மூடிக்கொண்டது போலாகிவிட்டது. அடுத்து வந்த விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான ரைபோசிக்லிப் மருந்தை மலிவாகத் தயாரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு நோயாளி கேரள உயர்நீதிமன்றத்தை நாடினார். அந்த மருந்துக்கு மட்டும் மாதம் சுமார் 58 ஆயிரம் ரூபாய் ஆனது. 2022இல் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவர் இறந்துவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மற்ற நோயாளிகளின் நலன் கருதி நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கைத் தொடர்ந்தது. கோப்புகள் நகர எடுக்கும் காலம் வேறு, நோயாளிக்கு இருக்கும் காலம் வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மார்க்கத்தின் பார்வை

இனி நம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். கண்டுபிடித்தவரின் சம்மதம் இல்லாமல் தயாரித்த மருந்தைச் சாப்பிடலாமா? அது பிறர் உரிமையைப் பறித்ததாகாதா?

முதலில், காப்புரிமையை மார்க்கம் மதிக்கிறது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தன் 43ஆம் தீர்மானத்தில், வணிகப் பெயர், நூல், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் மீதான உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை என்றும் அவற்றை மீறக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. எனவே கண்டுபிடிப்பாளருக்கு உரிமையே இல்லை என்று வாதிட நமக்கு இடமில்லை.

ஆனால் தனியுடைமை எதுவும் பொது நலனுக்கு முன்னால் எல்லையற்றது அல்ல. உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 17இல் மஸ்ஜிதுல் ஹராமை விரிவுபடுத்தியபோது சுற்றியிருந்த வீடுகளை விலைக்கு வாங்கினார்கள். சிலர் விற்க மறுத்தார்கள். அவர்களுடைய வீடுகளும் பள்ளியில் சேர்க்கப்பட்டன. அதற்குரிய விலை கஅபாவின் கருவூலத்தில் வைக்கப்பட்டது. உரியவர்கள் பிறகு அதைப் பெற்றுக்கொண்டார்கள் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. அந்த வீடுகளுக்கு உரிமையாளர் இருந்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை, அவருக்குரிய விலையும் போய்ச் சேர்ந்தது. அவருடைய மறுப்பு மட்டும் பொதுத் தேவையைத் தடுக்கவில்லை.

ஹனஃபி சட்டத்தைத் தொகுத்த உஸ்மானியப் பேரரசின் மஜல்லாவும் இதையே விதியாக்கியது. பொதுத் தீங்கை நீக்கத் தனிமனிதருக்கு நேரும் தீங்கு பொறுத்துக்கொள்ளப்படும் என்பது அதன் 26ஆம் விதியின் கருத்து. நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை ரத்து செய்துவிடாது என்பது 33ஆம் விதியின் கருத்து. தேவைப்பட்டால் ஆட்சியாளரின் ஆணைப்படி ஒருவருடைய நிலத்தை விலை கொடுத்துப் பொதுப்பாதையில் சேர்க்கலாம், விலை கொடுக்கும் வரை அவரிடமிருந்து கைப்பற்றக் கூடாது என்று 1216ஆம் விதி சொல்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், நாம் மேலே கண்ட அரசுப் பயன்பாட்டின் வடிவம் அப்படியே தெரியும்.

விலை விஷயத்திலும் அறிஞர்கள் நிதானமாகவே பேசியிருக்கிறார்கள். மதீனாவில் விலை ஏறியபோது, விலை நிர்ணயம் செய்யும்படி கேட்ட மக்களின் கோரிக்கையை நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. அதை விளக்கும் இமாம் இப்னு தைமிய்யா அவர்கள், வரத்துக் குறைந்து இயல்பாக ஏறும் விலை வேறு, மக்களுக்கு அவசியமான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நியாய விலைக்கு விற்க மறுப்பது வேறு என்று பிரிக்கிறார்கள். இரண்டாவது நிலையில் நியாய விலைக்கு விற்கும்படி ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என்பது அவர்களுடைய முடிவு. உயிர் காக்கும் மருந்து இந்த இரண்டாவது வகைக்கு எவ்வளவு நெருக்கமானது என்று நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முறையான ஆணையின்படி, உரிமையாளருக்குரிய தொகை விதிக்கப்பட்டுத் தயாராகும் மருந்தைப் பயன்படுத்துவதில் எந்தத் தடையும் இல்லை. ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த அதிகாரம் ஆட்சிக்கு உரியது, தனிமனிதருக்கு உரியதல்ல. 'விலை அநியாயம்' என்று சொல்லி ஒருவர் அனுமதியற்ற மருந்தைக் கடத்தி விற்பதை இந்தச் சட்டத்தைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. அதில் உரிமை மீறலும் இருக்கிறது, உயிருக்கு ஆபத்தும் இருக்கிறது.

எதிர்வாதமும் எல்லையும்

லாபம் குறைந்தால் புதிய மருந்துக்கு யார் முதலிடுவார்கள் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. ஆராய்ச்சிக்குப் பெரும் செலவு ஆகிறது என்பதும், பல முயற்சிகள் தோற்றே ஒன்று வெல்கிறது என்பதும் உண்மை. அதனால்தான் சட்டம் அவர்களுக்குரிய தொகையை மறுக்கவில்லை. அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளி, அந்த மருந்தைப் பழைய விலையில் ஒருபோதும் வாங்கியிருக்க முடியாதவர். சொராஃபெனிப் வழக்கில், மருந்து தேவைப்பட்டவர்களில் சுமார் 2 சதவீதத்தினருக்கே அது சென்று சேர்ந்ததை ஆணை சுட்டிக்காட்டியது. மீதி 98 பேரிடம் நிறுவனம் இழப்பதற்கு எந்த லாபமும் இருக்கவில்லை.

இந்த வழி எல்லாவற்றுக்கும் தீர்வு என்றும் சொல்ல முடியாது. உயிரணுக்களிலிருந்து தயாராகும் நவீன புற்றுநோய் ஊசிகளைக் காப்புரிமை நீங்கினாலும் எளிதில் தயாரித்துவிட முடியாது. தயாரிக்கும் ஆலையும் தரப் பரிசோதனையும் வாங்கி வழங்கும் அரசு மருத்துவமனையும் இருந்தால்தான் ஆணை மருந்தாக மாறி நோயாளியின் கைக்கு வரும்.

நாம் செய்யக்கூடியவை

சிகிச்சைக்கு நிதி திரட்டும் முன், மருந்தின் மூலப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதற்கு ஜெனரிக் இருக்கிறதா, அரசு மருத்துவமனையிலோ மக்கள் மருந்தகத்திலோ கிடைக்கிறதா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா என்று விசாரியுங்கள். மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக மருந்தை மாற்ற வேண்டாம்.

ஜமாஅத்தும் பைத்துல்மாலும், உதவி கேட்டு வரும் மருந்துச் சீட்டுகளைத் தொகுத்து வைத்தால், எந்த மருந்து எத்தனை குடும்பங்களைக் கடனாளியாக்குகிறது என்ற கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கோடு சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து, 92, 100 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். மலேசியாவிலும் இலங்கையிலும் வாழும் நம் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டத்திலும் அரசுக்கு இத்தகைய அதிகாரம் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, காப்புரிமை வழங்கப்படும் முன் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பெடாக்குவிலின் என்ற காசநோய் மருந்தின் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்க உதவும் புதிய விண்ணப்பத்தை, காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்த்தார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. நம் சமுதாயத்தில் சட்டம் படித்த பிள்ளைகளும் மருந்தியல் படித்த பிள்ளைகளும் இன்று நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தகுந்த சமூகப் பணி.

ஒரு நோயாளிக்குப் பணம் கொடுப்பது அந்த மாதத்துக்கான உதவி. அவர் வாங்கும் மருந்தின் விலையைக் குறைக்க முயல்வது, நாம் பெயரறியாத நோயாளிகளுக்கும் போய்ச் சேரும் உதவி. முதலாவதைக் கைவிடாமல் இரண்டாவதையும் கையிலெடுப்போம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. பொறுப்பில் இருப்போருக்கு நீதியாக நடக்கும் துணிவைத் தருவானாக. ஆமீன்.